ஆறு கருப்பு, ஒரு வெள்ளை

எங்கள் கிளப்பில் கருப்பு என்றால் 'வா' என்று அர்த்தம். வெள்ளை என்றால் 'வேண்டாம்'. இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுகிறேன். சொல்ல வேண்டிய நாளில் யாரும் சொல்லவில்லை.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ்ஸுக்கு டை, அச்சு செய்கிற சின்ன டூல் ரூம் ஒன்று வைத்திருந்தேன், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். கிளப்பில் நான் மூத்த உறுப்பினர். மூத்த உறுப்பினர் என்றால் விழாவில் முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள், மைக்கைக் கொடுத்துவிட்டு அவரவர் கைப்பேசியை எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் மரியாதை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று ஒரு பெயர் உண்டு. வராமல் என்ன செய்யும்?

மண்ணூர்பேட்டைப் பக்கமிருந்து எஸ்டேட்டுக்குள் திரும்பினால் ஒரு நீலப் பலகை தெரியும். 'மேற்கு எஸ்டேட் விளையாட்டு மன்றம்' என்று எழுதியிருக்கும். மன்றம் என்று கேட்டால் ஆட்டோக்காரருக்குத் தெரியாது. கிளப்பு என்றால் வாசலில் கொண்டுவந்து விடுவார். எழுபதுகளில் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர்கள் பெரிய முதலாளிகள் இல்லை. லேத் பட்டறை, பவுண்டரி, பிரஸ் ஷாப், கால்வனைசிங் என்று ஆளுக்கொரு கொட்டகை வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு நகரத்துக்குள் இருக்கிற கிளப்புகளில் இடம் கிடையாது. அங்கே வேட்டி ஆகாது, செருப்பு ஆகாது, நகத்துக்குள் கிரீஸ் இருந்தால் சுத்தமாக ஆகாது.

பவுண்டரி பச்சையப்பன் அப்படி ஒரு கிளப்புக்கு மனுப் போட்டுத் திரும்பி வந்தவர். எப்போதும் கருப்புச் சட்டைதான் போடுவார், மகன் கல்யாணத்திலும் அதேதான். அங்கே புது ஆளைச் சேர்க்கலாமா என்று கோலிக்குண்டு போட்டு முடிவு செய்வார்களாம். ஒரே ஒரு கருப்புக் கோலி விழுந்தாலும் போச்சு. இவருக்கு விழுந்தது. எத்தனை விழுந்தது என்று அவர் சொன்னதே இல்லை. திரும்பி வந்து எங்கள் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"என் சட்ட கருப்பு, என் தோலு கருப்பு, என் பட்டற கருப்பு. கருப்ப போட்டு என்னிய வேணாம்னு சொல்றானுங்கோ. நாம ஒரு கிளப்பு கட்டுவோம். அதுல கருப்புதான் வான்னு சொல்லணும்."

அப்படியே கட்டினார்கள். கோலிக்குப் பதில் கேரம் காய். கமிட்டியில் ஏழு பேர். ஆளுக்கு ஒரு கருப்பு, ஒரு வெள்ளை கொடுப்பார்கள். கையைத் துணிக்குள் விட்டு, சேர்க்கலாம் என்றால் கருப்பையும் கூடாது என்றால் வெள்ளையையும் பெட்டிக்குள் போட வேண்டும். மிச்சக் காயைப் பக்கத்தில் இருக்கிற தகர டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஒரு வெள்ளை விழுந்தாலும் ஆள் உள்ளே வர முடியாது. இந்த ஒன்றை மட்டும் பச்சையப்பன் அந்தக் கிளப்பிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார். ஏன் அதையும் மாற்றவில்லை என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஒருத்தனுக்குப் புடிக்கலன்னாலும் அவன் கூட எப்டி எதிர்ல நின்னு ஆடுவ?" என்றார்.

காய் பெட்டியில் விழுந்தாலும் வார்த்தை எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டது. பெண் பார்த்துவிட்டு வந்தவனிடம் "கருப்பு உழுந்துச்சா?" என்று கேட்போம். ஆர்டர் கை நழுவினால் "வெள்ள போட்டுட்டான்" என்போம். கேன்டீனில் உப்புமா நன்றாக இருந்தால் அதற்கும் கருப்புதான்.

முதலில் இருந்தது ஒரு பூப்பந்து மைதானம். பிறகு செம்மண் டென்னிஸ் கோர்ட், டேபிள் டென்னிஸ், எங்கேயோ மூடின கம்பெனியின் விருந்தினர் மாளிகையிலிருந்து வாங்கிவந்த பில்லியர்ட்ஸ் மேசை. ஷட்டில் ஹால் பிறகு வந்தது. விளையாட்டு ஒரு பக்கம் நடந்தது, மற்ற வேலை இன்னொரு பக்கம் நடந்தது. யாருக்கு எந்த டையைச் செய்து கொடுப்பது என்று டென்னிஸ் ஆடி முடித்து வியர்வையைத் துடைக்கும்போது பேசிக்கொள்வோம். வேலைநிறுத்தம் வந்தால் யூனியன்காரர்களும் முதலாளிகளும் பில்லியர்ட்ஸ் அறைக்குப் பின்னால் டீ குடித்தே முடித்துவிடுவார்கள். பேங்க் மேனேஜருக்கு ஷட்டில் ஆடத் தெரியாது, ஆனாலும் அவர் எங்களிடம் தோற்றதே கிடையாது. அது எப்படி என்று கேட்காதீர்கள்.

பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கட்டடம் ஆயின. கொட்டகை இருந்த இடத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் இறங்கி ஏறினார்கள். அவர்கள் கம்பெனிகள் மொத்தமாகப் பணம் கட்டி இத்தனை இடம் என்று கிளப்பில் வாங்கிக்கொண்டன. கம்பெனி கோட்டாவில் வருகிறவனுக்குக் காய் கிடையாது, கருப்பும் கிடையாது, வெள்ளையும் கிடையாது. நேராக உள்ளே. பூப்பந்து மைதானத்தில் பச்சைப் பாய் விரித்தார்கள். செம்மண் கோர்ட்டில் கோடு மாற்றிப் போட்டுப் பிக்கிள்பால் என்று ஒன்றை ஆடுகிறார்கள். ஊறுகாய்ப் பந்து. மட்டையைப் பார்த்தால் சப்பாத்திப் பலகைக்கு அக்கா மாதிரி இருக்கிறது. நானும் இரண்டு நாள் ஆடினேன், நன்றாகத்தான் இருந்தது, அதை அவர்களிடம் சொல்லவில்லை.

காய்ப் பெட்டி பில்லியர்ட்ஸ் அறை அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. பல வருஷமாக அதற்கு வேலையே வரவில்லை. கமலத்துக்காகத்தான் மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது.

கமலம் என் நண்பன் சம்பத்தின் மனைவி. சம்பத் பிரஸ் ஷாப் வைத்திருந்தான், பச்சையப்பன் காலத்திலேயே கருப்பு விழுந்து உள்ளே வந்தவன். கமலத்துக்கு நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். மண்ணூர்பேட்டைத் தெருவில் லாரிக்கும் நாய்க்கும் நடுவில் எங்கே நடப்பது? சம்பத் கிளப்புக்கு அழைத்துவந்தான். நடக்க வந்தவள் ஷட்டில் ஹால் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். ஒருநாள் ஆள் குறைகிறது என்று யாரோ பேட்டைக் கையில் கொடுத்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினாள். அடுத்த மாதமே டிராக் பேண்ட் வாங்கிவிட்டாள். பலமாக அடிக்கத் தெரியாது அவளுக்கு. வேகமாக அடிக்கிற மாதிரி கையை ஓங்கி, வலைக்குப் பக்கத்தில் பூ வைக்கிற மாதிரி வைத்துவிடுவாள். எதிரில் இருப்பவன் பின்னால் ஓடியிருப்பான். நான் பலமுறை ஓடியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் திட்டியிருக்கிறேன்.

அவளுக்கு ஜோடியாக ஆடியவள் நிவேதிதா. சேலத்துப் பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை, கம்பெனி கோட்டாவில் வந்தவள். வயதில் கமலத்தின் மகளாக இருக்கலாம், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பெண்களில் ஒருவரையாவது கமிட்டியில் வைக்க வேண்டும் என்று யாரோ கேட்டதால் அவளைக் கமிட்டியில் போட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து பக்கத்துக் கிளப்புகள் கலந்துகொண்ட போட்டியில் கோப்பை வாங்கினார்கள். பரிசு வாங்க மேடைக்குப் போகச் சொன்னபோது கமலம் வரமாட்டேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நிவேதிதா இழுத்துக்கொண்டு போனாள்.

சம்பத் போன வருஷம் போய்விட்டான். தூங்கப் போனவன் எழவில்லை. காரியமெல்லாம் முடிந்து கமலம் மறுபடியும் பேட்டோடு வந்து நின்றபோதுதான் எல்லாருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. கிளப்பில் அவள் உறுப்பினரே இல்லை. சம்பத்தின் மனைவி, 'சார்ந்தோர்' என்ற கணக்கில் இத்தனை வருஷம் ஆடியிருக்கிறாள். உறுப்பினர் போனால் சார்ந்தோரும் போனார்கள். விதி அப்படி. எழுதின காலத்தில் எவனும் தான் சாகப்போவதாக நினைக்கவில்லை.

அவள் தன் பெயரிலேயே மனுப் போட்டாள். நான் முன்மொழிந்தேன். கிளப் தொடங்கி இத்தனை வருஷத்தில் ஒரு பெண்ணுக்குக் காய் போடுவது அதுதான் முதல் தடவை. முடிவு தெரிகிறவரை ஆடிக்கொள்ளலாம் என்று தலைவர் ஜெகதீஷ் பெரிய மனசு பண்ணினார். அவரும் இப்போதைய கமிட்டியில் மற்றவர்களும் கம்பெனி கோட்டாவில் வந்தவர்கள். ஜெகதீஷ் நல்ல மனிதர், கோபமே வராது, எதைக் கேட்டாலும் புன்னகையோடு இல்லை என்பார்.

முன்மொழிந்தவர் காய் போடக்கூடாது, அறையிலும் இருக்கக்கூடாது. முடிந்ததும் பெட்டியைத் திறக்க மட்டும் கூப்பிடுவார்கள். அதனால் பெட்டியைத் துடைத்து, காய்களை எண்ணி ஜெகதீஷ் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். எந்தக் கலருக்கு என்ன அர்த்தம் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. நம் வீட்டில் கிழக்கு எது என்று நாம் யாருக்காவது சொல்லிக்கொண்டா இருக்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது. ஷட்டில் ஹாலுக்கு வெளியே பெஞ்சில் கமலம் உட்கார்ந்திருந்தாள். பேட் பை மடியில் இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாண்ணே, கால ஆட்டிகினே கீறீங்க? எனக்குத்தான பரீச்ச?" என்றாள்.

"எனக்கு இன்னா பயம்? எல்லாம் உன் கூட டெய்லி ஆடற பசங்க. கருப்பு உழுந்த மாதிரிதான்."

"தெரிலண்ணே. உழாட்டி இன்னா பண்றதுன்னு யோசிச்சிகினே கீறேன்."

"அப்டிப் பேசாத."

அவள் பையின் ஜிப்பை இழுத்துத் திறந்து மறுபடியும் மூடினாள். "ஊட்ல யார் வந்தாலும் பாவம்ன்றாங்கோ. பக்கத்தூட்டுக்காரி கொழம்பு குடுக்க வந்தா பாவம்ன்றா. என் புள்ளயே போன்ல பாவம்மா நீன்றான். இங்க மட்டுந்தான் யாரும் அப்டி சொல்றதில்ல. பாயிண்ட உட்டா நிவேதிதா கத்துவா. எங்கக்கா பாத்துகினு இருந்தீங்கன்னு கத்துவா. அது எனக்கு வேணும்ணே. வேற ஒண்ணும் கேக்கல."

நான் கேன்டீன்காரனைக் கூப்பிட்டு டீ ஏன் இன்னும் வரவில்லை என்று சத்தம் போட்டேன். அவனிடம் நான் டீயே சொல்லவில்லை.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

நீள மேசையைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜெகதீஷ் நடுவில். அவருக்கு வலதுபக்கம் கிருபாகரன், காலையில் ஆட வந்தால் கமலம் டப்பாவில் கொண்டுவருகிற சுண்டலை முதல் ஆளாகக் கைநீட்டி வாங்குகிற பையன், பையன் என்ன, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. கடைசியில் நிவேதிதா. அவள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேசையில் ஒரு துண்டை விரித்தேன், சத்தம் வரக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்வோம். பெட்டியைக் கவிழ்த்தேன்.

ஆறு கருப்பு. ஒரு வெள்ளை.

சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் மனுஷன் என்ன ஆவான் என்று அன்றுதான் தெரிந்தது. ஆறு பேர் வா என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு பாவி கெடுத்துவிட்டான்.

"எவன்யா அது வெள்ள போட்டது?" என்றேன்.

ஜெகதீஷ் கையைக் காட்டி என்னை அமைதிப்படுத்தினார். "சார், ஓட்டு ரகசியம். அதுவும் உங்களுக்கு சாதகமா போட்ட ஒருத்தரையே ஏன் திட்டறீங்க?"

"சாதகமா?"

"சாரி சார். எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அவங்க மேல எல்லாருக்கும் மரியாதை இருக்கு. ஆனா ஒருத்தருக்குச் செஞ்சா நாளைக்கு எல்லா ஃபேமிலியும் கேப்பாங்க. வெயிட்டிங் லிஸ்ட் எவ்வளவு நீளம்னு உங்களுக்கே தெரியும். ஆறு பேர் வேணாம்னு முடிவு பண்ணியிருக்கோம், ஒருத்தர் வேணும்னு. என்ன செய்ய முடியும் சொல்லுங்க."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கினதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஜெகதீஷ்," என்றேன், "இந்தக் கிளப்புல கருப்புன்னா வா. வெள்ளன்னா வேணாம்."

யாரோ ஒருவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். நான் பச்சையப்பன் கதையைச் சொன்னேன். கோலி, சட்டை, பட்டறை, எல்லாம். முடிக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. நிவேதிதா மட்டும் துண்டின் மேலிருந்த வெள்ளைக் காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளைதானே ஓகேன்னு உங்ககிட்ட கேட்டேனே சார்," என்றாள் ஜெகதீஷிடம். "ஆமான்னு தலையாட்டினீங்களே."

"எல்லா இடத்துலயும் அப்படித்தானேம்மா," என்றார் அவர். ஏமாற்ற வேண்டும் என்று தலையாட்டியிருக்க மாட்டார், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவருக்கும் தெரியாது.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். புத்திசாலி மனிதர், அதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். "எப்படிப் பார்த்தாலும் ரிசல்ட் ஒண்ணுதான் சார். எங்க கணக்குல ஆறு பேர் வேணாம்னு சொல்லிட்டோம். உங்க கணக்குல ஒரு வெள்ளை போதும், ஆள் வர முடியாது. ரெண்டுலயும் இல்லைதான்."

வாஸ்தவம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் கணக்கில் பார்த்தால் அந்த ஆறு பேரும், சேர்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, கமலத்தை வா என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவள் உள்ளே வர வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் நிவேதிதா. அவள் போட்ட காய்தான் கதவைச் சாத்தியது. அவளும் மற்றவர்களைப் போல நினைத்திருந்தால் கமலம் இந்நேரம் உறுப்பினர்.

"தப்பா போட்ட ஓட்டு செல்லாது. மறுபடியும் போடுங்க," என்றேன்.

"ஒரே பேரை ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவை எடுக்கக்கூடாதுன்னு விதி இருக்கு சார், நீங்க எழுதினதுதான். செல்லாதுன்னு சொல்லணும்னா, என் ஓட்டு தப்பாயிடுச்சுன்னு போட்டவங்களே சொல்லணும். நான் நினைச்சது நடந்துடுச்சு. எனக்குத் தப்பு இல்ல. வேற யாராவது சொல்றீங்களா?"

"என்னோடது தப்பு சார்," என்றாள் நிவேதிதா.

மேசையைச் சுற்றிப் பார்த்தேன். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். ஒருவர் ஏசியைப் பார்த்தார். கிருபாகரன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அவன் ஷூவில் லேஸ் ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கமலத்துக்கு உடம்பு சரியில்லை என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். காயை மட்டும் மாற்றிப் போட மாட்டார்கள்.

அதற்குள் கமலமே கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஆகிவிட்டதே என்று வந்திருக்கிறாள்.

"வரலாமா?" என்று கேட்டவளின் கண் நேராக மேசைத் துண்டின் மேல் போனது. சம்பத்தோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்குக் கருப்பும் வெள்ளையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு காயாக விரலை நீட்டி எண்ணினாள். உதடு அசைந்தது.

"ஆறு கருப்பா?" என்றாள்.

ஜெகதீஷ் துண்டின் ஓரத்தை மடித்தார்.

"அண்ணே, ஆறு கருப்பா உழுந்துகீது?" என்னைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "நான் ஒண்ணு ரெண்டு உழும்னு நெனச்சிகினு இருந்தேன். வெள்ள ஒண்ணு கீது, சரி, உள்ள வர முடியாது, தெரியுது. அதுக்கு இன்னா பண்றது. ஆறு பேரு என்னிய வேணும்னு சொன்னீங்களே, அது போதும்பா எனக்கு."

மேசையைச் சுற்றி வந்தாள். ஜெகதீஷுக்குக் கை கூப்பினாள். ஜெகதீஷ் எழுந்து நின்று அவரும் கை கூப்பினார். அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு. கிருபாகரன் அருகில் வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாருப்பா. சுண்டல் நான் ஊட்லேந்து குடுத்து அனுப்பறேன்," என்றாள். அவன் "சரி ஆன்ட்டி" என்றான். கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"அந்த ஒருத்தரு யாருன்னு நான் கேக்கல," என்றாள் கமலம். "அவுங்கவுங்க இஷ்டம்."

"அக்கா," என்றாள் நிவேதிதா. "வெள்ளை நான் போட்டது."

கமலம் திரும்பினாள். கிருபாகரனின் கை இன்னும் அவள் கைக்குள் இருந்தது. நிவேதிதா மிச்சத்தையும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள், கமலத்தின் முகத்தைப் பார்த்தாள். தனக்கு அர்த்தம் தெரியாது என்று சொன்னால் மற்ற ஆறு பேரும் என்ன நினைத்துப் போட்டார்கள் என்பதும் கூடவே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டாள்.

"சாரிக்கா," என்றாள்.

கமலம் கிருபாகரனின் கையை விட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னாலேயே ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே, நீலப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸுக்குப் போகிற கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போனது.

"அண்ணே," என்றாள், "அந்தப் பொண்ணுக்கு நான் இன்னா பண்ணேன்?"

சொல்லாமல் விட்டால் அவளுக்கு ஆறு பேர் மிஞ்சுவார்கள். வீட்டுக்குப் போய் அந்த ஆறு பேரையும் நினைத்துக்கொண்டு தூங்குவாள். சொன்னால் ஆறும் போய்விடும், ஒருத்தி மட்டும் மிஞ்சுவாள். எது நல்லது என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெண் உள்ளே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"அவளுக்கு நம்ம கலர் தெரியாது கமலம்," என்றேன்.

"தெரியாதுன்னா?"

"வெள்ளன்னா வான்னு நெனச்சி போட்டுட்டா. யாரும் சொல்லிக் குடுக்கல."

கமலத்தின் முகம் அப்படியே மலர்ந்தது. "ஐய, லூசுப் பொண்ணு. அத்த சொல்ல வேண்டியதுதான? நான் இன்னா இன்னாமோ நெனச்சிட்டேன் பாரு." சிரித்தேவிட்டாள். கேட்டுக்குள் எட்டிப் பார்த்து அவளைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள்.

தூக்கின கை பாதியில் நின்றது.

"அப்ப மத்தவங்களுக்கு?" என்றாள். "அவுங்களுக்குத் தெரியுமா?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"தெரியாது," என்றேன்.

கமலம் அழவில்லை. பையின் வாரைச் சரி செய்துகொண்டாள், மறுபடியும் சரி செய்துகொண்டாள். நிவேதிதா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள், அருகில் வரப் பயந்துகொண்டு. கமலம் போய் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தப் பெண் ஸ்கூட்டரை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஸ்கூட்டர் சாயாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஜெகதீஷ் கண்ணாடியை இறக்கி, "அடுத்த வருஷம் கண்டிப்பா போடுங்கம்மா" என்றார். "சரிங்க" என்றாள் கமலம். இன்னொருவர் "குட் நைட் ஆன்ட்டி" என்றார். "பாத்துப் போப்பா" என்றாள்.

கடைசியாகக் கிருபாகரன் வந்தான். காரை ஓரங்கட்டி, இந்தப் பக்கக் கதவைத் தானே எட்டித் திறந்தான்.

"ஆன்ட்டி, வீட்டுல விட்டுடட்டுமா? அந்த வழியாத்தான் போறேன்."

கமலம் திறந்த கதவைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தாள்.

"வேணாம்பா," என்று சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினாள்.